ராக்கெட் இருக்கட்டும், கணக்கை விடவேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ஒன்பதாம் கிரேடு படிக்கும் பையன் போட்டிக்கு ராக்கெட் செய்கிறேன் என்று வீடு முழுக்க அட்டைக்குழாயும் பால்சா பலகையுமாகப் பரப்பி வைத்திருக்கிறான், படிப்பு கெட்டுவிடுமோ என்கிறீர்கள். கெடாது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரிதான் என்னை உறுத்துகிறது: கணக்கில் மார்க் குறைவதால் பத்தாம் கிரேடில் மேத்தமேட்டிக்ஸுக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி எடுக்கச் சொல்லலாமா? வேண்டாம்மா. எடுத்தால் பொறியியல் பட்டப்படிப்புக்கு வழியே இல்லை. மேத்தமேட்டிக்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும் மேட்ரிக் வரை, அதாவது பன்னிரண்டாம் கிரேடு வரை வேண்டும். டியூஷனுக்குக் காசு செலவழிப்பதானால் அங்கே செலவழியுங்கள்.

அவன் செய்வது வெறும் விளையாட்டா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "ஈர்ப்பு மையம் எங்கே, அழுத்த மையம் எங்கே?" முன்னது ராக்கெட் சாயாமல் சமநிலையில் நிற்கும் புள்ளி; பின்னது காற்றின் அழுத்தம் மொத்தமாகச் செயல்படும் புள்ளி. முன்னது பின்னதைவிட மூக்குப் பக்கமாக, குழாயின் ஒரு விட்டம் அளவாவது தள்ளி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏவியதும் குட்டிக்கரணம்தான். அதைச் சரிசெய்ய மூக்கில் கொஞ்சம் களிமண் வைப்பார்கள், அல்லது வால்பக்கத் துடுப்பைப் பெரிதாக்குவார்கள். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இதைக் கணக்கிட்டுத் தரும். ஆனாலும் மோட்டாரைப் பொருத்தி, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்கட்டும். மூக்கு முன்னோக்கியே சுற்றினால் நல்லது.

மோட்டார் மேல் சி6-5 என்று இருந்தால், சி என்பது மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது) 10 நியூட்டன்-விநாடி வரை, 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை, 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளிவர ஆகும் விநாடிகள். கணத்தாக்கு பன்னிரண்டாம் கிரேடு பாடத்தில் வருகிறது; பையன் மூன்று வருஷம் முந்திக்கொள்கிறான்!

கடையில் வாங்கிய மோட்டார் மட்டும், அதுவும் ஆசிரியர் முன்னிலையில். சமையலறையில் ராக்கெட்டுக்கான எரிமருந்து கலக்கும் யோசனை இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றி, எடை, காற்று, உயரம் எல்லாம் நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். பர்சரி (படிப்பு உதவித்தொகை) நேர்காணலில் கோப்பையைவிட அந்த நோட்டு அதிகம் பேசும் என்பது என் கணிப்பு.

இதற்காக வெளியூர் அனுப்பவும் வேண்டியதில்லை. டர்பனிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பாரஃபின் மெழுகும் நைட்ரஸ் ஆக்சைடும் எரியும் ஃபீனிக்ஸ் ராக்கெட்டுகளைச் செய்கிறார்கள். 2021 மார்ச்சில் ஓவர்பெர்க் தளத்திலிருந்து ஏவிய ஒன்று சுமார் 18 கிலோமீட்டர் உயரம் போனது. அங்கே மெக்கானிக்கல் படித்தால் போதும். விமானப் பொறியியல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது; ஹாஸ்டல் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கணக்கு ஆசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள்.