திரையில் ஓடும் குதிரை சவாரி கற்றுத் தருமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. குதிரை என்றால் உயிர். சவாரிப் பயிற்சிக்கு இப்போதைக்கு அனுப்ப முடியாது. குதிரை வீடியோ கேம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த கேம்களில் வருவது எந்த அளவுக்கு நிஜம்? பின்னால் உண்மையான குதிரையில் ஏறும்போது இது கைகொடுக்குமா, இல்லை தப்பான பழக்கத்தைக் கொண்டுவந்துவிடுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். வாங்கும் முன் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். அந்த கேமில் குதிரைக்கு என்று ஒரு மனசு இருக்கிறதா? பட்டனை அழுத்தியதும் பாய்ந்து, விட்டதும் நின்றுவிடுகிறது என்றால் அது நாலு கால் வைத்த பைக்தான். தயங்குகிறது, மிரள்கிறது, களைத்தால் வேகம் குறைகிறது, பழகப் பழகச் சொல் கேட்கிறது என்றால் குழந்தை கற்றுக்கொள்ள அதில் விஷயம் இருக்கிறது. படம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

2017இல் வந்த ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அது குதிரை கேமே இல்லை, சாகச கேம். ஆனாலும் அதில் புதிதாகப் பிடித்த குதிரை நாம் திருப்புகிற பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்கு விலகும். மறுபடி நம் சொல் கேட்டு நடந்ததும் ஒரு பட்டனால் தட்டிக் கொடுத்தால் பிணைப்பு கூடும். சாலையில் விட்டால், நாம் திருப்பாமலே வளைவுகளில் தானாகத் திரும்பிப் போகும். சொன்ன பேச்சைக் கேட்ட அந்தக் கணமே பாராட்ட வேண்டும், தாமதித்தால் குதிரைக்கு எதற்கென்று புரியாது. நிஜப் பயிற்சியின் அடிப்படை இதுதான், அதை அந்தச் சின்னப் பட்டன் சரியாகவே பழக்குகிறது.

அதே கேமில் ஆபத்தான ஒன்றும் உண்டு. காட்டுக்குதிரையைப் பிடிக்க, பதுங்கிப் பதுங்கிப் பின்பக்கமாகப் போய்ச் சட்டென்று முதுகில் ஏற வேண்டும். நிஜத்தில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி வரை பார்க்கும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டு: ஒன்று நேர் பின்னால், மற்றது நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் உள்ள பகுதி. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவதைக் குதிரை வேட்டை மிருகம் என்றே எடுத்துக்கொள்ளும், உதைத்துவிடும். உங்கள் மகளிடம் இன்றே சொல்லி வையுங்கள்: குதிரையிடம் போவதென்றால் அதன் தோள்பட்டைக்கு நேராக, அது பார்க்கும்படி, பேசிக்கொண்டே போக வேண்டும். காதுகள் பின்னால் படுத்து ஒட்டிக்கிடந்தால் கோபம் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

நிஜத்தனத்தை அளக்க இன்னொரு நல்ல வழி, கால்களைப் பார்ப்பது. கேமின் வீடியோ ஒன்றை எடுத்து, வேகத்தை 0.25க்குக் குறைத்து ஓட விடுங்கள். குதிரைக்கு முக்கியமாக நான்கு நடைகள். சாதாரண நடையில் கால்கள் ஒவ்வொன்றாக விழும், நான்கு தட்டு. மணிக்கு 6, 7 கிலோமீட்டர் போகும். அடுத்தது டிராட்: இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக, பிறகு வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக. இரண்டே தட்டு. கேன்டர் எனும் மிதமான ஓட்டத்தில் மூன்று தட்டு: ஒரு பின்னங்கால், பிறகு ஒரு குறுக்கு ஜோடி, கடைசியாக மற்ற முன்னங்கால், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. முழு வேக ஓட்டமான கேலப் மறுபடி நான்கு தட்டு, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். சத்தத்தை மட்டும் கேட்டே பெரும்பாலான தவறுகளைப் பிடித்துவிடலாம். திரையில் கேன்டர் போகும்போது காதில் ‘டக் டக் டக் டக்’ என்று ஒரே சீராக விழுந்தால், உருவாக்கியவர்கள் குதிரையைக் கவனிக்கவில்லை.

கேலப்பில் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தையும் பாருங்கள். அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் குவிந்திருக்க வேண்டும். பழைய ஓவியங்களில் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டிப் பறப்பதுபோல வரைந்திருப்பார்கள். அது தவறு என்று 1878இலேயே எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள் காட்டிவிட்டன. ஒரு கேமில் அந்த நீட்டிப் பறக்கும் குதிரை இன்னமும் ஓடினால் தயங்காமல் தள்ளிவிடுங்கள். வட்டத்தில் கேன்டர் போகும்போது உள்பக்க முன்னங்கால் முந்திப் போக வேண்டும். அதையும் சரியாகக் காட்டும் கேம் குதிரைக்கொம்பு, கிடைத்தால் விடாதீர்கள்.

தடை தாண்டும் கேம்களில் பச்சைக் கோடு வந்ததும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கண்ணுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. ஆனால் தாண்டுவது குதிரை. மேலே இருப்பவரின் வேலை ஒரே தாளத்தில், நேர்கோட்டில் தடைக்குக் கொண்டுவந்துவிட்டு, தாண்டும்போது கடிவாள வாரைப் பின்னால் இழுக்காமல் கையை முன்னால் விட்டுக்கொடுப்பது. கேன்டரில் குதிரையின் ஒரு எட்டு, அதாவது நான்கு கால்களும் ஒரு சுற்று வைத்து முடிக்கும் தூரம், சுமார் 3.6 மீட்டர். தரையிறங்க அரை எட்டு, எழும்ப அரை எட்டு என்று சேர்த்து, நடுவில் ஒரே எட்டு வைக்க வேண்டிய இரண்டு தடைகளுக்கு இடையே ஏறக்குறைய 7.3 மீட்டர் விடுவார்கள். எட்டுகளை எண்ண வைக்கும் கேமாக இருந்தால் பிற்பாடு மைதானத்தில் அது நிச்சயம் உதவும்.

எந்தத் திரையும் தர முடியாதது உடம்புச் சமநிலை. டிராட்டில் குதிரையின் முதுகு தூக்கிப் போடுவதைக் கட்டைவிரலால் உணர முடியாது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலை அகட்டி, முட்டியைச் சற்று மடக்கி நின்று, பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் வரும்படி ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். சேணத்தில் உட்கார வேண்டிய கோடு இதுதான்.

பராமரிப்புப் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன், அளவுகளில்தான் கேம்கள் கோட்டைவிடுகின்றன. ஒரு ஆப்பிளில் குதிரையின் பசி நிரம்பிவிடும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நிஜத்தில் ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது ஏழரை முதல் பத்து கிலோ உலர்ந்த புல் வேண்டும். வயிறு சின்னது என்பதால் அதையும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி போனால் வயிற்றுவலியில் உயிரே போகலாம். அதனால்தான் லாயத்தில் கேட்காமல் எதையும் ஊட்டக்கூடாது என்கிறார்கள். குளம்பைச் சுத்தம் செய்யும் கட்டம் இருந்தால், குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டுகிறார்களா என்று பாருங்கள். அதுதான் முறை.

இனி பெயர் சொல்கிறேன். சுவீடனிலிருந்து 2011இல் வந்த ‘ஸ்டார் ஸ்டேபிள் ஆன்லைன்’ இந்த வயதுக் குழந்தைகள் அதிகம் கேட்பது. தீனி, தண்ணீர், பிரஷ், குளம்பு எல்லாம் உண்டு. தொடக்க நிலைகள் இலவசம், மேலே போகக் கட்டணம். முன்பின் தெரியாதவர்களும் விளையாடும் இடம் என்பதால் முதல் வேலையாக அரட்டை அமைப்பைச் சரிபாருங்கள், அவள் சொந்தப் பெயரைப் போட வேண்டாம். ‘மைன்கிராஃப்ட்’ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். குதிரை கீழே தள்ளத் தள்ளத் திரும்பத் திரும்ப ஏறினால்தான், அது பழகிவிட்டதற்கு அடையாளமாக இதயக் குறிகள் தோன்றும், சேணம் போட்டால்தான் ஓட்ட முடியும். நடை வேறுபாடு எதுவும் கிடையாது. குதிரையின் நடத்தையை மிக நுட்பமாகக் காட்டும் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ முழுக்க வன்முறை, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பாம்பைக் கண்டு மிரளும் அதன் குதிரைகளின் துண்டு வீடியோக்களைப் பார்த்து அவள் கேட்கக்கூடும். விளையாடக் கொடுக்காதீர்கள்.

இலவச மொபைல் கேம்களில் ஒரு சங்கடம். குதிரை களைத்துவிட்டது, காத்திரு அல்லது காசு கொடு என்பார்கள். ‘உன் குதிரை பசியோடு இருக்கிறது’ என்று இரவில் அறிவிப்பு வந்தால் ஒன்பது வயதுக் குழந்தை நிஜமாகவே அழும். அறிவிப்புகளை அணைத்து, காசு செலுத்தக் கடவுச்சொல் போட்ட பிறகே கையில் கொடுங்கள். கேமரா ஆட்டத்தில் தலைசுற்றினால், அமைப்பில் அதைக் குறைத்து, திரையைத் தள்ளி வையுங்கள்.

முதல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்தக் குதிரை இப்போது என்ன நினைக்கிறது?’ என்று கேளுங்கள். காதையும் வாலையும் பார்த்து அவளால் பதில் சொல்ல முடிந்தால் சரியான கேமைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். திரையில் எதையும் காட்டாமல் குதிரை பொம்மைபோல நின்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் வேறொன்றைத் தேடுங்கள்.