ஐபோனில் மட்டும் பாப்-அப்புக்குப் பின்னால் பக்கம் ஸ்க்ரோல் ஆகிறதே, என்ன செய்வது?

பாடியில் (பக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் டேக்) ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது ஸ்க்ரோலை நிறுத்துகிற சிஎஸ்எஸ் வரி, போட்டும், அறைப் படங்களின் பாப்-அப்பை இழுக்கும்போது பின்பக்கம் நகர்கிறது, அன்ட்ராய்டில் மட்டும் சரி என்கிறீர்கள். இலங்கையில் எல்ல, பண்டாரவளைப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களுக்குத் தளம் செய்துகொடுக்கும் எனக்கு இது பழகிய தொல்லை: முதலாளி கையில் அன்ட்ராய்ட், புக் பண்ணுகிற வெளிநாட்டுக்காரர் கையில் ஐபோன்.

ஐபோனில் குரோம் போட்டுச் சோதிப்பதில் பயனில்லை. இங்கே விற்கிற ஐபோன்களில் குரோமும் உள்ளே வெப்கிட்தான், அதாவது சபாரி ஓடுகிற அதே எஞ்சின்.

எது நகர்கிறது என்று முதலில் பிடியுங்கள். மேக் இல்லாமல் சபாரியை டீபக் பண்ணுவது சிரமம், அதனால் நான் திரை மூலையில் ஒரு சின்னக் கட்டம் வைத்து, பக்கத்தின் ஸ்க்ரோல்டாப் (எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் ஆகியிருக்கிறது என்ற எண்), பாப்-அப்பின் ஸ்க்ரோல்டாப் இரண்டையும் அதில் ஓடவிடுவேன். பாப்-அப்பை அடிவரை இழுத்து, விரலை எடுத்து, மறுபடி இழுங்கள். பாப்-அப்பின் எண் நின்று பக்கத்தின் எண் ஏறினால் ஸ்க்ரோல் வெளியே கசிகிறது. முதலிலிருந்தே பக்கத்தின் எண் மட்டும் ஏறினால் உங்கள் பாப்-அப் ஸ்க்ரோல் பெட்டியே இல்லை, அதற்கு உயரமும் ஓவர்ஃப்ளோ ஆட்டோவும் கொடுங்கள்.

கசிவுக்கு, பாப்-அப்பின் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெய்ன் போதும், ஆனால் சபாரிக்கு அது 2022-இல், 16ஆம் பதிப்பில்தான் வந்தது. கைமாறி வருகிற ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது, அந்தப் போன்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதோடு பாப்-அப்பில் இரண்டே படங்கள் இருந்து உள்ளே ஸ்க்ரோல் ஆக எதுவும் இல்லையென்றால் இந்த வரி பல பிரவுசர்களில் கசிவைத் தடுக்காது.

அப்புறம், டச்மூவில் (விரல் நகரும்போது வரும் நிகழ்வு) ஸ்க்ரோலைத் தடுக்கப் பிரிவென்ட்டிஃபால்ட் போட்டு எதுவும் நடக்கவில்லை என்றால் காரணம் இது: குரோம் 56-இலிருந்து (2017), ஐஓஎஸ் 11.3-இலிருந்து, டாக்குமென்ட்டில் மாட்டுகிற டச் லிஸனர்கள் தாமாகவே பாசிவ் ஆகிவிடும், அதாவது ஸ்க்ரோலைத் தடுக்க அவற்றால் முடியாது. பாசிவ் ஃபால்ஸ் என்று நீங்களே எழுத வேண்டும். ஆனாலும் இந்த வழி எனக்குப் பிடிக்காது, பாப்-அப்புக்குள் ஸ்க்ரோலும் சேர்ந்து செத்துவிடும்.

பழைய ஐபோன்களுக்கும் சேர்த்து நான் நம்புவது பொசிஷன் ஃபிக்ஸட்தான். பாப்-அப் திறக்கும்போது ஸ்க்ரோல்ஒய் எண்ணை (பக்கம் நிற்கும் இடம்) குறித்துக்கொண்டு, பாடிக்கு ஃபிக்ஸட், அகலம் நூறு சதவீதம், டாப்பில் அதே எண் மைனஸில். மூடும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த எண்ணுக்கே ஸ்க்ரோல்டூ. தளத்தில் ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் இருந்தால் அந்த நேரம் மட்டும் ஆட்டோவாக்குங்கள், இல்லையென்றால் மூடும்போதெல்லாம் பக்கம் உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும்.