வீராணம் கரையில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஏரிக்கரைச் சாலைகளைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிதான். எனவே இந்த முறை மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் குழாயில் வருவது வீராணம் தண்ணீர் என்கிறார்கள். அந்த ஏரியைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? (வாசகி, போரூர்)

சுற்ற வேண்டாம். கிழக்குக் கரை ஒன்றே போதும். லால்பேட்டைக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே பதினாறு கிலோமீட்டர் போல, சாலை கரை மேலேயே ஓடுகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். மேற்கே போனால் ஊர் ஊராகப் புகுந்து வர வேண்டும், ஏரி கண்ணில் படுவதே குறைவு.

எந்தத் திசையில் போவது என்பதில்தான் எனக்கும் என் சைக்கிள் நண்பர்களுக்கும் ஓயாத சண்டை. சேத்தியாத்தோப்பில் தொடங்கித் தெற்கே போகலாம் என்பது அவர்கள் கட்சி. மார்கழி, தையில் வாடைக் காற்று முதுகில் தள்ளும், மிதிப்பது சுலபம். நியாயம்தான். ஆனால் நாம் சாலையில் இடப்பக்கம் போகிறவர்கள். தெற்கே போனால் ஏரி வலப்பக்கம் வந்துவிடும். உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே பஸ், லாரி, ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் எல்லாம் வரும். நின்று பார்க்க நினைத்தால் ஒவ்வொரு தடவையும் சாலையைக் கடக்க வேண்டும். லால்பேட்டையில் தொடங்கி வடக்கே வாருங்கள். ஏரி இடது கைப்பிடிக்கு அந்தப் பக்கமே கிடக்கும். விடிந்ததும் கிளம்பினால் காற்று எழுவதற்குள் பாதி தூரம் முடிந்துவிடும்.

போரூர்க்காரருக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். தண்ணீர் வருகிற வழியும் அதுதான். கொள்ளிடத்தில் கீழணை தேக்கிக் கொடுப்பதை வடவாறு தெற்குக் கோடியில் கொண்டுவந்து ஏரியில் விடுகிறது. சென்னைக்கு ஏற்றுவது வடகோடியில், சேத்தியாத்தோப்பு பக்கம் பூதங்குடியில். அங்கிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அப்புறம் குழாயில் உங்கள் ஊர். இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2004ல்.

கேள்வி: வழியில் நின்று பார்க்க என்ன இருக்கிறது? என் கணவருக்குக் கோயில், எனக்குக் கல்வெட்டு. (வாசகி, விருத்தாசலம்)

நல்ல ஜோடி. முதல் நாள் மாலையே லால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்துவிடுங்கள். கணவரை வீரநாராயணப் பெருமாள் கோயிலில் விடுங்கள். நாதமுனிகள் பிறந்த ஊர் இது. மேற்குத் திசையிலிருந்து வந்த அடியார்கள் குடந்தை (கும்பகோணம்) ஆராவமுதன் மேல் நம்மாழ்வார் பாடிய பதிகத்தை இந்தச் சந்நிதியில் பாடினார்களாம். கடைசிப் பாட்டில் ‘ஆயிரத்துள் இப்பத்து’ என்று வருவதைக் கேட்ட நாதமுனிகள், மீதி எங்கே என்று தேடிப் புறப்பட்டார். ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரமும் திரும்பக் கிடைத்தது அப்படித்தான் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. பெருமாள் பெயரும் ஏரியின் பழைய பெயரும் ஒன்றே. வீரநாராயணன் என்பது சோழ அரசன் முதலாம் பராந்தகனின் பட்டப் பெயர். அவன் மகன் ராஜாதித்தன் வெட்டிய ஏரி இது. அந்த ராஜாதித்தன் 949ல் தக்கோலப் போரில் யானை மேலேயே இறந்துபோனான்.

நீங்கள் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். அதே ஊர்தான், சைக்கிளில் ஏறினால் இறங்க வேண்டியதுதான். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சொல்லும் கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் வருகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்ற பட்டம். அரசாங்கப் பட்டம் வாங்கியவர்களே கொன்றிருக்கிறார்கள்! ஆனால் எப்படிக் கொன்றார்கள், யார் சொல்லி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். துரோகிகளின் உறவினர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்தது, அந்த நிலம் கை மாறியது பற்றித்தான் கல்வெட்டுக்குக் கவலை. எனக்கு அந்த வறண்ட நடையே பிடிக்கும். எழுத்து தேய்ந்திருக்கும், சாய்ந்த வெயிலில்தான் பள்ளம் தெரியும். அதனால்தான் மாலை என்றேன்.

நேரம் மிச்சம் இருந்தால் மேலக்கடம்பூர். சக்கரம் பூட்டிய தேர் போலக் கட்டிய சிறிய சிவன் கோயில், முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை இதோடு சேர்க்காதீர்கள். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, போனாலும் ஒரு நாள் கேட்கும்.

காலையில் லால்பேட்டையில் கொடிக்கால் பாருங்கள். அகத்தியில் வெற்றிலைக் கொடி ஏற்றி, உள்ளே எப்போதும் ஈர நிழல். பக்கத்தில் இருந்து முகர்ந்தால் லேசான காரம் மூக்கில் ஏறும். கேட்டுவிட்டு நுழையுங்கள், செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். அப்புறம் மதகுகள். ஏரிக்கு மொத்தம் 34, அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கரையில்தான். சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இவற்றை நம்பியிருக்கிறது. ஏதாவது ஒன்றில் திருகுக் கம்பி ஏறி, கீழே வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துப் போவதைப் பார்க்க நேர்ந்தால், கோயிலுக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? கியர் சைக்கிள் அவசியமா? (வாசகர், நெய்வேலி)

கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை. அதிலும் செய்தித்தாளில் நீர்மட்டம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழு நீர்மட்டம் 47.5 அடி. அதை நெருங்கியிருந்தால் அலை கரைக் கல்லில் மோதும் சத்தம் கேட்கும், கூழைக்கடாப் பறவைகளும் வரும். சித்திரையில் போய்விட்டு, ஏரி எங்கே என்று எனக்கு எழுதாதீர்கள். மழை கொட்டும் ஐப்பசியிலும் வேண்டாம். லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடைப் பக்கம் உபரி நீர் திறந்தால் சுற்று வட்டாரமே தவிக்கும். அந்த நேரத்தில் நாம் வேடிக்கை பார்க்கப் போவது அழகல்ல.

கியர் வேண்டாம். சமதரை. பால்காரர் சைக்கிளே போதும். ஆனால் பிரேக், மணி, பின்னால் சிவப்பு விளக்கு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். கரும்பு டிராக்டர் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு வரும், ஹாரன் கேட்டதும் ஓரத்தில் இறங்கி நின்றுவிடுங்கள். பந்தயமா நடக்கிறது?

கேள்வி: பிள்ளைகள் ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா? (வாசகர், கடலூர்)

கூடாது. மதகுப் பக்கம் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். குளிக்காமல் வரமாட்டோம் என்று அடம் பிடித்தால் வயலில் பம்புசெட் ஓடும் இடமாகப் பார்த்து, சொந்தக்காரரைக் கேட்டு இறக்கிவிடுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம், அந்தத் தண்ணீர் நேரே நாற்றங்காலுக்குப் போகிறது.