நின்ற வகுப்புக்கும் தவணை ஓடும்

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. இரண்டு ஆண்டுகளாக இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அதற்காக நான் வேலையை விட்டேன். கணவரின் சம்பளம் கைக்கு ரூ.72,000. வாடகை 16,000, மளிகை, கேஸ், கரன்ட் 19,000, பெட்ரோல் 5,500, மாமியாரின் மருந்து 4,000, இன்ஷூரன்ஸ் 3,500, நேரில் போகும் நீச்சல், செஸ், இந்தி வகுப்புகளுக்கு 6,500. ஆன்லைன் வகுப்புகளுக்கு மூன்று தவணைகள்: கோடிங் 4,200 (இன்னும் 7 மாதம்), ஸ்போக்கன் இங்கிலீஷ் 3,100 (2 மாதம்), கணிதம் 2,650 (5 மாதம்). கிரெடிட் கார்டில் 92,000 பாக்கி. மினிமம் 4,600 தவறாமல் கட்டுகிறோம். மாதம் 3,000 வரை மிச்சமாகிறது. ஞாயிறு தவிர எல்லா நாளும் ஓட்டம்தான். என் அண்ணன் காப்பீட்டு முகவர். பிள்ளைகள் பெயரில் ஆண்டுக்கு 50,000 கட்டும் யூலிப் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: யூலிப் இருக்கட்டும். அந்த 3,000 மிச்சமே இல்லை.

கார்டு பாக்கி 92,000-க்கு மாத வட்டி 3.5% என்று வைத்தால் சுமார் 3,220. அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 3,800. நீங்கள் கட்டும் 4,600-ல் அசலுக்குப் போவது 800 ரூபாய்தான். கூட அனுப்பியிருந்த கார்டு ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். புதன், வெள்ளி மாலைகளில் மகனுக்கு ஆன்லைன் கணிதம், அதே நேரத்தில் மகளுக்கு ஊரின் மறுகோடியில் செஸ். ஆட்டோ போக வர 300. எட்டு மணிக்கு வீடு திரும்பியதும் ஆப்பில் சாப்பாடு 450. வாரம் இரண்டு நாள், மாதம் 6,000, எல்லாம் கார்டில். 800 குறைகிறது, 6,000 ஏறுகிறது. ஆக பாக்கி மாதம் 5,200 வளர்கிறது. கையில் நிற்கும் 2,950-ஐக் கழித்தாலும் 2,250 பள்ளம். பழைய பாக்கி இருக்கும்வரை புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. சாப்பாடு ஆர்டர் செய்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இதற்கெல்லாம் வேர் ஒரே பழக்கம்: ஆண்டு முழுவதற்குமான வகுப்பை டெமோ முடிந்த சூட்டில் தவணையில் வாங்குவது. பணம் கட்டியாகிவிட்டதே என்று அந்த வகுப்பை வாரத்துக்குள் திணிக்கிறீர்கள். திணித்ததால் மாலைகள் மோதுகின்றன, மோதுவதால் ஆட்டோவும் ஹோட்டல் சாப்பாடும். வீட்டுக் கல்வியில் இருக்கும் பெரிய வசதியே நேரத்தை நாமே வகுத்துக்கொள்வதுதான். அதைத் தவணைக்கு அடகு வைத்திருக்கிறீர்கள்.

வட்டி இல்லை என்று விற்கும் 'நோ காஸ்ட்' தவணையில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. வகுப்பு நடத்தும் நிறுவனம் தன் பணத்தை முதலிலேயே வாங்கிவிடும். உங்களுக்குக் கடன் கொடுத்திருப்பது வேறொரு நிதி நிறுவனம். மகள் கோடிங்கில் உட்காருவதே இல்லை என்கிறீர்கள். உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் பாக்கி 29,400 உங்கள் தலையில்தான்.

கோபத்தில் வங்கியில் ஆட்டோ டெபிட்டை (தவணை கணக்கிலிருந்து தானாகப் போவதை) நிறுத்திவிடாதீர்கள். பவுன்ஸ் கட்டணம் இரு பக்கமும் விழும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் அடிபடும். முதலில் ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் விதியைப் படியுங்கள். நடக்காத வகுப்புகளுக்குப் பணம் திரும்புமா என்று பார்த்து, ரத்துக் கோரிக்கையை வகுப்பு நிறுவனம், கடன் நிறுவனம் இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. கடன் முடிந்தால் பாக்கி இல்லை என்னும் நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வந்திருக்கிறதா பாருங்கள். ரீஃபண்ட் கிடைக்காவிட்டால் 7 மாதமும் தவணையைக் கட்டுங்கள். ஆனால் வகுப்பை இன்றே நிறுத்துங்கள். மகளின் நேரமாவது மிஞ்சும். ஸ்போக்கன் இங்கிலீஷ் 2 மாதத்தில் தானே முடியும், புதுப்பிக்காதீர்கள். மகன் விரும்பும் கணிதம் இருக்கட்டும். செஸ்ஸைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்.

கார்டு பாக்கியை நகைக்கடனுக்கு மாற்றுங்கள். இன்றைய விலையில் இரண்டு பவுனே தாராளம். வங்கியில் ஆண்டுக்கு 10% என்று வைத்தால் முதல் மாத வட்டி 770 ரூபாய், கார்டில் 3,800. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் திட்டம் வேண்டாம், மாதத் தவணையில் கேளுங்கள். கார்டுக்குக் கட்டிய 4,600-உம் கையிருப்பு 2,950-உம் சேர்ந்து 7,550. ஆட்டோவுக்கு 1,500 ஒதுக்கி, 6,000 கட்டுங்கள். ஒவ்வொரு வகுப்புத் தவணை முடியும்போதும் அந்தத் தொகையை இதில் கூடுதலாகச் செலுத்தினால் பத்து மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். கார்டைப் பீரோவில் வைப்பது மட்டும் போதாது. ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழியுங்கள். அதைச் செய்யாதவர்கள்தான் ஆறே மாதத்தில் நகைக்கடன், கார்டு பாக்கி என இரட்டைக் கடனோடு நிற்கிறார்கள்.

அடுத்த செலவு இப்போதே வாசலில் நிற்கிறது: என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்கு இரண்டு ஆண்டு 'பேக்கேஜ்' ரூ.35,000 என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு 14 வயது நிறைந்தால்தான் சேர்க்கை. அதை என்ஐஓஎஸ் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம்; கட்டணம் சில ஆயிரம்தான். பாடநூல்கள் அங்கேயே இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள், ஆண்டுக்கு இரண்டு பொதுத் தேர்வு. பாடங்களைப் பிரித்து எழுதலாம் என்பதால் பதற்றப்பட்டு எதையும் வாங்க வேண்டியதில்லை. எந்தப் புது வகுப்பானாலும் மாதக் கட்டணம் வாங்குபவரிடம் மட்டும் சேருங்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாரத்தில் ஒரு நாளைப் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒதுக்கலாம். சிறுவர் பிரிவு அங்கே நன்றாகவே இருக்கிறது.

இனி அண்ணன் சொன்ன யூலிப். முதல் 5 ஆண்டு பணத்தை எடுக்க முடியாது. உங்கள் நிலையில் அந்த 50,000-உம் கார்டிலிருந்துதான் வரும். காப்பீடு வழக்கமாகப் பிரீமியத்தின் பத்து மடங்கு, அதாவது 5 லட்சம். உங்கள் வீட்டுக்கு ஏழு மாதச் சம்பளம்கூட இல்லை. ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு இது. கணவரின் அலுவலகக் குழுக் காப்பீடு வேலை மாறினால் போய்விடும். அதனால் அவர் பெயரில் 1 கோடிக்குச் சாதாரண டேர்ம் பாலிசிதான் (முதலீடு கலக்காத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) முதல் தேவை. அதை அண்ணனிடமே வாங்கிக்கொள்ளலாம். கமிஷன் குறைவு என்பதால் அவர் முகம் கொஞ்சம் வாடும்.