ஆகானின் வெள்ளி – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கடைக்காரர் கட்டி வெள்ளி கொடுப்பார். கொலுசாக்கி எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குவேன். சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் உள்ளதைவிடக் கூட்டி எழுதி, சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி எடுத்துவிட்டேன். என்னை நம்பிய அந்தக் கடைக்காரர் இப்போது இல்லை. கடையை மகன் பார்க்கிறார். அவரும் எனக்குத்தான் வேலை தருகிறார்.

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருடத்திலிருந்து வலிப்பு வருகிறது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி போகும் ஜெபக்கூட்டத்தில் ஒரு ஊழியக்காரர், "உங்கள் வீட்டில் ஒரு ஆகான் இருக்கிறான், அவன் மறைத்ததை எடுத்துப் போட்டால் பிள்ளைக்குச் சுகம் வரும்" என்றாராம். அவளுக்கு என் விஷயம் எதுவும் தெரியாது. உபவாச நாட்களில் பிள்ளைக்கு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது.

நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்குக் கோயிலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஃபாதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறிப் போய், அங்கே பூசை பார்க்கிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை (பூசையில் குரு தரும் அப்பம்) வாங்காமல் திரும்பிவிடுவேன். என் பாவத்துக்குக் கடவுள் என் பிள்ளையைத் தண்டிக்கிறாரா?

பெயர் வேண்டாம்,
சேலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் பிறகு. வலிப்பு மாத்திரையை விட்டுவிட்டுக் கொடுத்தால் வலிப்பு கூடும். நிற்காமல் தொடரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. ஒழுங்காக மருந்து எடுப்பவர்களில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் உபவாசம் இருக்கட்டும். பிள்ளையின் மாத்திரைக்கு உபவாசம் கிடையாது.

இனி ஆகான். உங்களை அந்தப் பெயர் ஏன் குத்தியது என்று புரிகிறது. யோசுவா புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில் அவன் யாரும் தொடக் கூடாது என்று விலக்கப்பட்ட எரிகோ நகரத்துக் கொள்ளையிலிருந்து ஒரு சால்வையையும், 200 சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளியையும், 50 சேக்கல் எடையுள்ள பொன் பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்துக்குள் புதைக்கிறான். வெள்ளி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்று வேறு எழுதியிருக்கிறது. வெள்ளிப் பட்டறைக்காரருக்கு இதைக் கேட்டால் நடுங்காதா? ஆனால் அந்த ஊழியக்காரர் உங்கள் சேதாரக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாலும் பலிக்கும் வாக்கியம் அது. புதைத்து வைத்தது ஒன்றுமில்லாத வீடு எது?

ஆகானோடு அவன் பிள்ளைகளும் அழிந்தார்கள் என்பது உண்மைதான். மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பேன் என்ற வசனமும் பத்துக் கட்டளைகளுக்குள்ளேயே இருக்கிறது. அதே வேதத்தில், பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்று உபாகமம் 24 சட்டமே போடுகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் காலத்தில் ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள்: "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின." இனி இந்தப் பழமொழியை நீங்கள் சொல்லக் கூடாது என்று அவர் புத்தகத்தின் 18-ஆம் அதிகாரத்தில் கடவுளே அதை நிறுத்துகிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார்.

இவற்றைவிட உங்களுக்கு நெருக்கமான இடம் மாற்கு 9. வலிப்பு வந்து தரையில் விழுந்து நுரைதள்ளும் மகனை ஒரு தகப்பன் கொண்டுவருகிறான். அந்தக் காலத்து வழக்கப்படி சுவிசேஷம் அதை ஆவியின் வேலை என்றே சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இயேசு அந்தத் தகப்பனிடம் கேட்பது, நீ என்ன பாவம் செய்தாய் என்றல்ல. இது இவனுக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்கிறார். டாக்டர் கேட்கிற கேள்வி.

தாவீது ராஜாவின் குழந்தை? நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது கேட்பார்கள். உரியாவைக் கொல்லக் கொடுத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும், பிறந்த குழந்தை ஏழாம் நாள் இறந்தது. அந்த இடத்தை இனிப்புத் தடவிக் கொடுக்க எனக்கு மனமில்லை. நாத்தான் என்ற தீர்க்கதரிசி நேருக்கு நேர் நின்று சொன்ன தீர்ப்பு அது. ஒரு நோயைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து பாவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் உரிமையை அந்தக் கதை யாருக்கும் கொடுக்கவில்லை. தீர்ப்பைக் காதால் கேட்ட தாவீதே தரையில் கிடந்து குழந்தைக்காக ஜெபித்தான் என்பதையும் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளின் வலிப்பைத் தண்டனை என்று எழுதிக்கொண்டால் உங்கள் கணக்கு நேராகிவிடுகிறது. கடன் உங்களுடையது, கட்டுகிறவள் அவள். வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்காரர் மகனின் கடை வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லாமல் போகிறது. இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏற்காடு பஸ்ஸைவிட இதுதான் உங்களுக்குப் பெரிய ஒளிவிடம்.

ஆதியாகமம் 3-ஐ வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட பழத்தைத் தின்றதும் இடி விழவில்லை. கண் திறந்தது. அத்தியிலைகளைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். குளிர்ச்சியான வேளையில் தோட்டத்தில் கடவுள் உலாவும் சத்தம் கேட்டதும் மரங்களுக்குள்ளே போய் ஒளிந்தார்கள். தீர்ப்பு என்று ஒரு வார்த்தை வருவதற்கு முன்பே இத்தனையும் நடந்துவிடுகிறது. முள்ளும் குருக்கும், வேர்வையும், பிரசவ வேதனையும், மண்ணுக்குத் திரும்புவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் விளைவு பயம். நேற்றுவரை கேட்க ஆசைப்பட்ட சத்தத்துக்கு இன்று ஒளிவது. "நீ எங்கே இருக்கிறாய்" என்ற கேள்விக்கு ஆதாம் முதலில் உண்மையைச் சொல்கிறான்: பயந்து ஒளித்துக்கொண்டேன். அடுத்த கேள்விக்கே பேச்சு மாறுகிறது: "தேவரீர் தந்த ஸ்திரீ." கேட்டது அவன் செய்ததைப் பற்றி, பதில் அவர் செய்ததைப் பற்றி. உங்கள் கடிதத்தின் கடைசி வரியையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எடுத்தது நீங்கள். கேள்வி கடவுளின் நடத்தையைப் பற்றி.

அந்த அதிகாரத்தில் சர்ப்பம் சபிக்கப்படுகிறது, பூமி சபிக்கப்படுகிறது. ஆதாமையும் ஏவாளையும் பார்த்து நீ சபிக்கப்பட்டவன் என்று அவர் சொல்வதில்லை. அனுப்பி விடுவதற்கு முன்னால் தோல் உடை செய்து, அவரே உடுத்திவிடுகிறார்.

சரி, வெள்ளி. நான் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன், மேலே சொன்ன வசனங்கள்கூடப் பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடமானவை. உங்களைப்போல் குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு எங்களுக்குக் கிடையாது. சபை மொத்தமும் முழங்காலிட்டு ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்வோம். எல்லோரும் சொல்வதால் யாரும் எதையும் சொல்லாமல் தப்பிக்கிற வசதி அதில் உண்டு. உங்கள் வழி கடினம், ஆனால் உங்களுக்கு இப்போது அதுதான் தேவை என்று நினைக்கிறேன். பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால் ஏற்காட்டிலேயே சொல்லுங்கள். முகம் தெரியாத குருவிடம் சொன்னாலும் அது செல்லும். அவர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. இத்தனை ஞாயிறு மலையேறியும் அதை மட்டும் நீங்கள் செய்யவில்லை.

மன்னிப்போடு முடிவதில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், அது உண்டாக்கிய கேட்டையெல்லாம் சரிசெய்துவிடாது என்று உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 1459-ஆம் பத்தியில் சொல்கிறது. திருடியதை உடையவரிடம் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2412. எண்ணாகமம் 5-இல் கணக்கு இன்னும் துல்லியம்: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், வாங்க உறவினர் யாருமே இல்லாவிட்டால்தான் ஆசாரியரிடம் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் மகன் இருக்கிறார். ஆகவே உண்டியலில் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. சுவிசேஷத்தில் வரும் வரிவசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)க் கொடுக்கிறேன் என்றான். உங்களால் அது ஆகாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் எடுத்த காலத்து விலையில் ரூபாயாகக் கணக்குப் போடாதீர்கள். எடுத்தது வெள்ளி, எடையாகவே கொடுங்கள், அதே டச்சில் (தரத்தில்). மொத்தமாக முடியாவிட்டால் தவணையாக.

முகத்தைக் காட்டாமல், குரு வழியாகவும் கொடுக்கலாம். உங்கள் சபை அதை ஏற்கிறது. நேரில் போய்ச் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில் எரியவில்லை, அதனால் அதை உங்கள் மேல் சுமத்த மாட்டேன்.

மனைவியிடம் சொல்வதைத் தள்ளிப்போட முடியாது. வீட்டில் இருக்கும் ஆகான் யார் என்று தெரியாதவரை அவர் தன்னையும் பிள்ளையையும்தான் வருத்திக்கொண்டிருப்பார். அவருக்குப் பதில் கிடைக்காத ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் மாத்திரை நிற்கிறது. வெள்ளியைச் சேர்க்க மாதங்கள் ஆகலாம், இதற்கு ஓர் இரவு போதும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். மாத்திரை விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.