ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரை மல்டிமீட்டரை வைத்து நாமே சோதிக்க முடியுமா?

எஞ்சின் விளக்கு எரிகிறது, பெடலை மிதித்தாலும் வண்டிக்குப் பிக்கப் இல்லை, ஸ்கேனரில் பி2138 என்ற பிழைக் குறியீடு வருகிறது, பெடலையே மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் மல்டிமீட்டரால் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், மாற்றுவதற்கு முன் கட்டாயம் சோதிக்கவும் வேண்டும். பெடல் கெட்டுவிட்டது என்று பி2138 சொல்வதில்லை. பெடல் எவ்வளவு மிதிபடுகிறது என்று அதற்குள் இருக்கும் இரண்டு சென்சார்களும் காட்டும் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. குமுளியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழைக்காலத்தில் இந்தப் புகாருடன் என்னிடம் வரும் வண்டிகளில் பெடலைவிட வயரில்தான் அதிகமாகக் குறை இருக்கிறது.

பெரும்பாலான கார்களில் பெடலின் கப்ளருக்கு, அதாவது வயர்களைப் பெடலோடு இணைக்கும் செருகிக்கு, ஆறு வயர்கள் வரும். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு 5 வோல்ட், ஒரு எர்த், ஒரு சிக்னல் என்று மும்மூன்று. எது எந்த வயர் என்பதை உங்கள் வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கப்ளரைக் கழற்றாமலேயே அதன் பின்புறமாக மெல்லிய குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். முன்புறத்தில் மீட்டரின் தடித்த முனையைத் திணித்தால் உள்ளே இருக்கும் பின் விரிந்துபோய், இல்லாத குறையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

பெடலை மிதிக்காதபோது முதல் சிக்னல் ஏறக்குறைய 0.7 முதல் 1 வோல்ட் வரையும், முழுவதும் மிதித்தால் 4 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். பல வண்டிகளில் இரண்டாவது சிக்னல் எல்லா நிலையிலும் அதில் சரிபாதி. சில வண்டிகளில் இந்தப் பாதிக் கணக்கு கிடையாது. இரண்டும் ஏறக்குறைய 0.8 வோல்ட் இடைவெளியுடன் இணையாக ஏறும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் பெடலைக் குறை சொல்லிவிடாதீர்கள். மீட்டரை ஓமில் வைத்து மின்தடையை அளக்கச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. உள்ளே ஒரு முனை உரசி நகரும் பழைய வகைப் பெடலை, கப்ளரைக் கழற்றிவிட்டு அப்படி அளக்கலாம். காந்தத்தால் இயங்கும் ஹால் வகைப் பெடலில் அந்த அளவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

எனக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு என்பதால் அந்தச் சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவருடைய கார், சமவெளியில் ஒழுங்காக ஓடும். மழை நாளில் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறும்போது திடீரென்று பிக்கப் விழுந்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் நடைவேகத்தில் ஊரும். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பெடலை மாற்றினார்கள். அடுத்த மழையிலேயே அதே குறை திரும்ப வந்தது. அடுத்தது இசிஎம்தான், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிதான் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது.

பட்டறையில் நின்றபோது அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன: முதல் சிக்னல் 0.76, இரண்டாவது 0.38. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்துக்கொண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே போகும் வயர் கட்டைக் கையால் அசைத்தபோது முதலாவது அசையவில்லை, இரண்டாவது மட்டும் 0.61 ஆனது. கறுப்பு முனையைப் பெடல் கப்ளரிலேயே இருக்கும் இரண்டாவது எர்த் பின்னுக்கு மாற்றி அதேபோல் அசைத்தேன், இப்போது 0.38-ஐ ஒட்டியே நின்றது. பெடல் தன் அளவில் சரியாகத்தான் பேசுகிறது, அதன் எர்த் வயர்தான் வழியில் தடைபடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்த எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே நேராக அளந்தபோது கால் வோல்ட் காட்டியது, அங்கே 0.05 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே நான் சந்தேகப்படுவேன். வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, பீப் சத்தம் கேட்டால் வயர் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். இருபது ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். சில மில்லியாம்பியர் மட்டுமே ஓடும் இந்த வயரில் கணக்கைக் கெடுக்க அதுவே போதும்.

வைப்பருக்குக் கீழே இருக்கும் தண்ணீர்ப் பாதையில் இலைச்சருகு அடைத்து, மழைநீர் உள்ளே கசிந்து, வயர் கட்டுக்குள் இருந்த ஒரு இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, சருகையும் அள்ளி எடுத்தேன். சாமான் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கியது.

ஆனால் கூலியைக் கேட்டபோது அவர், "சும்மா பார்த்ததுக்கா அண்ணே இவ்வளவு?" என்றார். தேவையில்லாத பெடலுக்குப் பல ஆயிரம் கொடுத்தபோது கேட்காத கேள்வி அது. பெட்டியில் அடைத்து வரும் பொருளுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கிறவர்கள், அரை நாள் குனிந்து கிடந்து குறையைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கத் தயங்குவதால்தான், அளந்து பார்க்காமல் மாற்றிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் வளர்ந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சக மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ளலாம், எல்லோரையும் சொல்லவில்லை.

சிக்னலின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாமல் இந்தச் சோதனை முழுமையாகாது என்று சிலர் எழுதுவார்கள். நொடிப்பொழுது மட்டும் விழுந்து எழும் சிக்னலைச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் தவறவிடும் என்பது உண்மைதான். அதனால் அளக்கும்போது பெடலை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்துவைக்கும் மின்-மேக்ஸ் (MIN/MAX) பொத்தான் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கப்ளரிலேயே 5 வோல்ட் வரவில்லை என்றால் பெடலை விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். வாரண்டி இருக்கும் வண்டியில் எதையும் வெட்டாதீர்கள். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்கினுடையவை, அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்து, வயரை அசைத்தாலும் மாறாமல், பெடலை மெதுவாக மிதிக்கும்போது மட்டும் சிக்னல் நடுவில் துள்ளினால் பெடல்தான் கெட்டிருக்கிறது. பெரும்பாலும் சென்சார் தனியாகக் கிடைக்காது, முழுப் பெடலாகத்தான் வாங்க வேண்டும். சில மாடல்களில் மாட்டிய பிறகு ஸ்கேனரால் அதை இசிஎம்முக்குப் பழக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கூலியையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.