அமெரிக்க எல்லையில் உள்ள ஸ்டார் கவுன்டி ஏன் திடீரென்று கட்சி மாறியது?

ஒரு ஊர் வழக்கமாக எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறதோ, அதுதான் அதன் அரசியல் சாய்வு. அது கொள்கையாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் கவுன்டி (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்றது). அங்குள்ள ரோமா ஊரின் மேட்டில் நின்றால் எதிர்க்கரையில் மெக்சிகோ நகரமே தெரியும். நூற்றாண்டுக்கு மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 2016 அதிபர் தேர்தலில் அக்கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு அங்கே சுமார் 79% வாக்கு. 2020இல் பைடன் வெறும் ஐந்து சதவீதப் புள்ளி வித்தியாசத்தில்தான் தப்பினார். 2024இல் டிரம்ப் ஜெயித்தார். 1892க்குப் பிறகு அங்கே ஒரு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் வென்றது அதுவே முதல்முறை.

காரணம்? முக்கியமாக வயிற்றுப்பாடு. ஏழ்மையான பகுதி. எண்ணெய் வயல், எல்லைக் காவல் போன்ற வேலைகளை நம்பிய வீடுகள் பல, அப்புறம் விலைவாசி. தாத்தா காலத்திலிருந்து ஒரே மளிகைக்கடையில் கணக்கு வைத்திருந்த குடும்பம், விலை கட்டுப்படியாகாமல் எதிர்க்கடைக்குப் போவது போலத்தான். பழைய கடைக்காரர் நம்மை விட்டு எங்கே போவார்கள் என்று அசட்டையாக இருந்ததும் சேர்ந்துகொண்டது என்பேன்.

அங்கே பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். அப்படிப்பட்டவர்கள் என்றாலே எல்லைக் கட்டுப்பாட்டை எதிர்ப்பார்கள் என்று பலர் நினைப்பது தவறு: 1848இல் எல்லைக்கோடு வருமுன்பே அங்கே குடியிருந்த குடும்பங்கள் உண்டு, அவர்களில் பலர் தங்களைக் குடியேறிகளாகவே கருதுவதில்லை.